களர் நிலமும் கண்காணா உயிர்களும்

கல்லாதவரைக் களர் நிலத்துக்கு ஒப்பிட்டார் திருவள்ளுவர். இருந்தும் பயன்படாமையே அவ்விரண்டிற்கும் பொதுத்தன்மை என்பது உரையாசிரியர் கருத்து. அக்குறளை வகுப்பிற் பயின்ற நாளில், களர் என்பது யாதென எம் ஆசிரியர் வினவினார். உப்பு மண் என்றனர் சிலர். சேற்று நிலம் என்றனர் சிலர். பாலை நிலம் என்றார் ஒருவர். யான் வேதாரணியத்தை அடுத்த சிற்றூரினன். ஆதலின் எனக்கன்றி வேறெவர்க்குத் தெரியும் என்னும் செருக்கோடு எழுந்து, "கடல்நீர் பாய்ந்து கெட்ட நிலம், ஐயா" என்றேன். அதுவும் பிழையே. ஆசிரியர் நகைத்து, "உவர் வேறு, களர் வேறு, விடுமுறையில் ஊருக்குச் சென்று உழவரைக் கேட்டு வருக" என்றனர். கேட்டு வந்தேன். அவ்வாறு கேட்கப் புகுந்தமையே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

உவர் நிலமாவது நீரிற் கரையும் உப்புகள் மிகுந்த நிலம். கோடையில் அதன் மேல் வெள்ளை வெளேரென உப்புப் பூக்கும். களர் நிலமோ, சோடியம் என்னும் தனிமம் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு மண்ணின் கட்டுக்கோப்பையே குலைத்துவிட்ட நிலம். அது மழையிற் குழம்பாகும், வெயிலிற் பாறையாகும், நீர் உள்ளிறங்காது, வேரும் துளைத்துச் செல்லாது. முன்னதற்கு மருந்து நன்னீரைத் தேக்கிக் கழுவி வடிகால் வழியே வெளியேற்றுதல். பின்னதற்கு அது போதாது; முதலில் ஜிப்சம் இட்டுச் சோடியத்தை இடம் பெயர்த்தல் வேண்டும். தமிழ்நாட்டில் இவ்விருவகையாலும் கேடுற்ற நிலம் ஏறக்குறைய 3.68 இலட்சம் ஹெக்டேர் என்று கர்னாலிலுள்ள மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிலையத்தார் கணக்கிட்டுள்ளனர். அதில் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டது களரே. எதற்கும் கடலையே குறை கூறிப் பழகிய எம் போன்ற கடற்கரையார்க்கு இது வியப்பளிக்கும் செய்தி. இந்தியா முழுமைக்கும் இத்தகைய நிலம் 67 இலட்சம் ஹெக்டேருக்குக் குறையாது. உலகிற்கோ 138 கோடி ஹெக்டேர் என்பது உணவு வேளாண்மை நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு.

பகைவன் நிலத்தைப் பாழாக்க வேண்டின் அதில் உப்பை விதைத்தல் பண்டை வழக்கம். அபிமெலேக்கு சீகேம் நகரை இடித்துத் தரைமட்டமாக்கி அதன்மேல் உப்பு விதைத்தான் என்னும் வரலாறு நியாயாதிபதிகள் ஆகமத்தில் உள்ளது. இற்றை நாளில் அவ்வேலையைச் செய்ய அபிமெலேக்கு வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரும், வடிகாலற்ற பாசனமும், ஏறிவரும் கடலுமே அதனைச் செய்து முடிக்கின்றன.

இத்தகைய நிலத்திலும் பயிர் தாங்கி நிற்கும்படி, மண்ணில் வாழும் சில நுண்ணுயிர்கள் துணை புரியும் என்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர். மருந்துக் கடைக்காரரும் கூறுகின்றனர். இவ்விருவர் கூற்றும் ஒன்றன்று. அவ்வேறுபாட்டை உணராமையால் யானும் என் சிற்றப்பாவும் ஒரு பட்டம் நெல்லை இழந்தோம். அதனைப் பின்னர்க் கூறுவேன். முதலில் விஞ்ஞானிகள் கூறுவது யாதெனக் காண்போம்.

மாங்காயை உப்பிலிட்டால் அது நீர் விட்டுச் சுருங்குதலை நம் வீட்டுச் சமையலறையிற் கண்டிருக்கிறோம். உப்பு மிகுந்த மண்ணில் நிற்கும் பயிரின் நிலையும் ஏறக்குறைய அதுவே. காலடியில் நீர் நின்றும் வேரால் அதனை உறிஞ்ச இயலாது. தண்ணீருக்கு நடுவே தாகத்தால் வாடும். பின்னர்ச் சோடியம் வேர்வழி ஏறி, பொட்டாசியம் இருக்க வேண்டிய இடத்தைப் பற்றிக்கொண்டு, இலை நுனிகளைக் கருக்கும். இவை இரண்டும் பலரும் அறிந்தவை. மூன்றாவது கேடு ஒன்று உண்டு. அதுவே ஈண்டு நமக்கு முக்கியமானது. துன்பமுற்ற பயிர் எதிலீன் என்னும் வாயுவைத் தன்னுள்ளே மிகுதியாகப் பிறப்பிக்கின்றது. வாழைக்காயைப் பழுக்கச் செய்யும் வாயு இதுவே. காய்க்கு நன்மை செய்வது இளநாற்றுக்குக் கேடாகின்றது. வேர் நீளாமல் நின்றுவிடும், இலை காலத்துக்கு முன்னே மூப்படையும். உப்பு ஒரு பங்கு கெடுத்தால், உப்புக்கு அஞ்சிய பயிர் தன்னைத் தானே மற்றொரு பங்கு கெடுத்துக்கொள்கின்றது என்று கூறினும் பொருந்தும்.

எதிலீன் உண்டாவதற்கு முற்பட்ட நிலையில் ஏ.ஸி.ஸி. எனப்படும் ஒரு பொருள் பயிரில் உண்டாகின்றது. மண்ணிலுள்ள பாக்டீரியாக்களுட் சில, அப்பொருளைச் சிதைக்கும் நொதி ஒன்றை உடையன. அவை வேரின்மேற் குடியேறி, வேரினின்று கசியும் ஏ.ஸி.ஸி.யைச் சிதைத்து, அதிலுள்ள நைட்ரஜனைத் தமக்கு உணவாக்கிக்கொள்கின்றன. மூலப்பொருள் குறையவே எதிலீனும் குறைகின்றது. வேர் மீண்டும் நீள்கின்றது. நுண்ணுயிர் இதனை அறங்கருதிச் செய்வதன்று. தன் பசி தீர்த்துக்கொள்கின்றது, அவ்வளவே. ஆயினும் பயிர் பிழைக்கின்றது. இன்னும் சில இனங்கள் பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து, வேரைச் சூழ்ந்த மண்ணைத் திரட்டி, சோடியத்தில் ஒரு பகுதியை அப்பசையிற் பிணித்து வைக்கின்றன. வேர் கிளைப்பதைத் தூண்டும் வளர்ச்சிப் பொருளைத் தருவனவும், கரையாத பாஸ்பரத்தைக் கரைத்துக் கொடுப்பனவும் உண்டு. வேரைச் சூழ்ந்த இம்மெல்லிய மண் படலம் உயிர் மலிந்த தனி உலகம் என்பதை உணர்ந்து, அதற்கென ஒரு பெயர் வகுத்தவர் ஜெர்மானியராகிய லோரன்ஸ் ஹில்ட்னர், ஆண்டு 1904. 'வேர்ச் சூழல்' என்று அதனைத் தமிழில் வழங்கலாம்.

2004-ஆம் ஆண்டில் மாயக், திரோஷ், கிளிக் என்னும் மூவர் வெளியிட்ட சோதனை ஒன்று இத்துறையிற் பெயர் பெற்றது. இஸ்ரவேல் நாட்டின் தென்பகுதியில் அராவா என்னும் வறண்ட பள்ளத்தாக்கு உளது. அங்குள்ள நீரற்ற ஆற்றுப் படுகையிற் கிடைத்த பாக்டீரியா ஒன்றை அவர்கள் தக்காளி நாற்றுகளுக்கு ஊட்டி, உப்பு நீரில் வளர்த்தனர். லிட்டருக்கு ஏறக்குறைய 10 கிராம் உப்புக் கலந்த நீரிலும், அதனைப் பெற்ற நாற்றுகள் பெறாதவற்றினும் எடை மிக்கனவாய் வளர்ந்தன. எதிலீனும் குறைந்து காணப்பட்டது. இதுகாறும் கூறியதை எல்லா விளம்பரக்காரரும் கூறுவர். அவர் கூறாது விடுவது ஒன்றுண்டு: நாற்றினுட் புகுந்த சோடியத்தின் அளவை அந்நுண்ணுயிர் குறைக்கவில்லை. உப்பு உள்ளபடியே இருந்தது. அதனைத் தாங்கும் ஆற்றலே மிகுந்தது.

யான் வற்புறுத்த விரும்பும் கருத்து இதுவே. நுண்ணுயிர் உப்பை நீக்குவதன்று. உப்பைப் பொறுக்கும் ஆற்றலைப் பயிருக்குத் தருவது. இதற்கு 'உப்புப் பொறை' என்று பெயரிட்டால் உண்மையும் விளங்கும், ஏமாற்றமும் குறையும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையை மோதியபோது யான் பிறக்கவில்லை. ஆனால் அந்நாளில் வயல்கள் மேற் படிந்த உப்புச் சேற்றைப் பற்றி எம் ஊரார் கூறக் கேட்டிருக்கிறேன். அவ்வயல்களை மீட்டது எது? உழவர் சேற்றை வழித்தெடுத்து, வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கி வடித்தனர். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதனர். 2005-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தினும் மிகுதியாகப் பெய்து உப்பைக் கழுவிற்று. நன்னீரும் வடிகாலும் செய்த வேலையை எப்புட்டியும் செய்திராது. தக்கைப்பூண்டின் வேர் முடிச்சுகளிலும் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியாக்களே குடியிருக்கின்றன என்பதையும் மறத்தலாகாது. நம் முன்னோர் பெயரறியாமலே நுண்ணுயிரை உழவிற் பயன்படுத்தினர். ஆனால் அதனைக் கழுவுதலுக்கும் வடித்தலுக்கும் மாற்றாகக் கொள்ளவில்லை.

இனி எம் இழப்பைக் கூறுகிறேன். இரண்டாண்டுகளுக்கு முன் சம்பா விதைக்கும் காலத்தில், நகரத்துக் கடை ஒன்றில் என் சிற்றப்பா நுண்ணுயிர்ப் புட்டி ஒன்று வாங்கினார். உடன் சென்றவன் யான். "இதை விட்டால் உப்பெல்லாம் போய்விடும், வேறொன்றும் வேண்டாம்" என்றார் கடைக்காரர். அப்புட்டி தகரக் கூரையின் கீழ், வெயில் படும் அலமாரியில், எத்தனை மாதம் இருந்ததோ! உயிருள்ள பொருளை வெயிலில் வைத்தால் அது உயிரோடிராது என்பதை எங்களில் எவரும் எண்ணவில்லை. வீட்டிற்கு வந்ததும், அன்று காலையிற் பூஞ்சணக் கொல்லி மருந்து கலந்திருந்த அதே விதைநெல்லில் அப்புட்டியைக் கவிழ்த்தோம். "கடைக்காரர் சொன்னாரே தம்பி, இனிக் கவலை இல்லை" என்று அவ்வாண்டு வடிகால் வாய்க்காலையும் சிற்றப்பா தூர் வாரவில்லை. நாற்று நட்ட ஒரு திங்களில் இலை நுனிகள் கருகின. கீழ்ப் பாத்திகள் இரண்டில் அறுப்பதற்கே ஒன்றுமில்லை.

பொங்கலுக்குப் பின் அவ்வெறும் புட்டியைத் திண்ணையிற் கண்டு எடுத்துப் படித்தேன். நிழலில் குளிர்ந்த இடத்தில் வைக்கவேண்டும் என்றும், இரசாயன மருந்து தோய்ந்த விதையோடு அன்றே கலத்தலாகாது என்றும், இன்ன நாளுக்குப் பின் பயன்படுத்தலாகாது என்றும் அதன் மேலொட்டிய சீட்டில் அச்சிட்டிருந்தது. அந்நாள் நாங்கள் வாங்குவதற்கு நான்கு திங்கள் முன்னரே கழிந்திருந்தது. எழுத்து முழுவதும் ஆங்கிலம். சிற்றப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குத் தெரியும். கடையில் நின்றபோது அச்சீட்டைப் படிக்க எனக்கு அரை நிமிடம் போதும், அதைச் செய்திலேன். தமிழ் இலக்கியம் பயில்வோனுக்கு உரம் விற்கும் புட்டியில் என்ன வேலை என்று எண்ணியிருந்தேன் போலும். கடைக்காரரை நோவதன் முன் இதனை ஒப்புக்கொள்ள வேண்டுமென்றே இங்கு எழுதினேன்.

சட்டமும் இல்லாமல் இல்லை. நுண்ணுயிர் உரங்கள் 2006-ஆம் ஆண்டு முதல் இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வந்துள்ளன. திரவமாயின் ஒரு மில்லிலிட்டரில் 10 கோடி உயிரணுக்களும், தூளாயின் ஒரு கிராமில் 5 கோடியும் உயிரோடிருத்தல் வேண்டும் என்பது விதி. ஆயின், உயிரோடிருக்கின்றனவா என்பதை உழவர் எங்ஙனம் அறிவர்? யூரியாவை நாவில் வைத்து அறியலாம். வேப்பம் பிண்ணாக்கை முகர்ந்து அறியலாம். பத்துக் கோடி உயிர் இறந்த நீரும், பத்துக் கோடி உயிர் வாழும் நீரும் கண்ணுக்கு ஒன்றே. ஆகலின் இவ்வாணிகத்தில் வாங்குவோர் முழுவதும் விற்போரின் நேர்மையையே நம்பி நிற்கின்றனர். விற்பனைக்கு வந்த புட்டிகளை ஊர்தோறும் எடுத்துச் சோதித்து, முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுதல் அரசினர்க்கு அரிய செயலன்று. அச்சிடப்பெறும் சீட்டு அவ்வம்மாநில மொழியில் இருத்தல் வேண்டும் என்பதையும் கண்டிப்பாகச் செயற்படுத்தல் வேண்டும்.

இங்ஙனம் எழுதுவதால் நுண்ணுயிரை இகழ்கின்றேன் என எவரும் கருதற்க. எங்கள் ஊரில் இப்பொழுது அக்கருத்துப் பரவிவிட்டது. "அதெல்லாம் தண்ணீர்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகின்றனர். பொய்யான புகழ்ச்சியினால் விளைந்த கேடு அஃது. மெய்யான பொருளும் அப்பொய்யோடு சேர்ந்து தள்ளப்படுகின்றது. மூன்று படி மாவில் ஒரு பெண் அடக்கி வைத்த புளித்தமாவைப் பற்றி நம் ஆண்டவர் உவமை கூறினார். சிறிய பொருள் பெரியதை மாற்றும் என்பதை அங்கு காண்கிறோம். ஆயின் அப்பெண்ணும் மாவை எடுத்து வைத்துக்கொண்ட பின்னரே அதனை அடக்கினாள்; மாவின்றிப் புளித்தமா மட்டும் அப்பமாவதில்லை.

மெய்யான நம்பிக்கைக்குச் சான்று நம் நாட்டிலேயே உளது. பிச்சாவரத்துச் சதுப்பில், ஓதம் ஏறி இறங்கும் சேற்றில், காட்டு நெல் ஒருவகை வளர்கின்றது. தான் உறிஞ்சிய உப்பைத் தன் இலையின்மேலுள்ள நுண்மயிர்கள் வழியே வெளியேற்றும் அற்புத இனம் அது. அதன் வேரிலும் தண்டிலும் வாழும் ஒரு பாக்டீரியாவைச் சென்னை சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பிரித்தெடுத்து, 2004-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். அது நூற்றுக்கு மூன்று பங்கு உப்பிலும் வளர்வது, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிப்பது, பாஸ்பரத்தைக் கரைப்பது. முன்னறியாத புதுப்பேரினமாதலின் அதற்கு 'சுவாமிநாதானியா சாலிடாலரன்ஸ்' என்று பெயரிட்டனர். 2023-ல் மறைந்த எம். எஸ். சுவாமிநாதன் பெயர் அங்ஙனம் இலத்தீன் வழக்கிற் புகுந்தது. பெயரின் பிற்பகுதிக்கு உப்பைப் பொறுப்பது என்பதே பொருள். தமிழர் ஒருவர் பெயரும் பொறையும் ஒரு சேற்று நுண்ணுயிரில் ஒன்றுபட்டிருத்தல் கண்டு யான் மகிழ்ந்தேன் எனின், அஃது இலக்கிய மாணவனுக்குள்ள பேதைமை என்று மன்னித்தருள்க.

அதன்பின் 2007-ல், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர் இருவர், சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவின் ஒரு வகை, முன்னர்க் கூறிய ஏ.ஸி.ஸி. சிதைக்கும் நொதியால் நிலக்கடலைக்கு உப்புப் பொறை தருவதை வெளியிட்டனர். அந்நொதி இல்லாத வகைகள் அத்துணைப் பயன் தரவில்லை. எனவே 'பாக்டீரியா' என்னும் பொதுப் பெயர் கண்டு வாங்குதல், 'மருந்து' என்னும் பெயர் கண்டு எதனையும் விழுங்குதல் போலாம். எவ்வினம், அதனுள்ளும் எவ்வகை என்று கேட்டல் வேண்டும்.

இவ்விடத்தில் என் தாவரவியல் நண்பர் ஒருவரோடு எனக்கு வழக்கு உண்டு. சட்டியில் வெற்றி பெற்றது வயலில் தோற்பது ஏன் என்று யான் வினவினேன். அவர் கூறிய விடை ஏற்புடையதே: சட்டி மண்ணைப் பெரும்பாலும் கொதிநீராவியால் தூய்மை செய்து விடுகின்றனர், அங்கு புதிய நுண்ணுயிர்க்குப் போட்டியில்லை. வயல் மண்ணிலோ ஒரு கிராமிற் கோடிக்கணக்கான பழங்குடிகள் உள்ளன. வெளியூரிலிருந்து புட்டியில் வந்தவை அவற்றோடு போராடி மாய்கின்றன. ஆனால் அவர் அதிலிருந்து, "ஆகலின் இன்னும் வலிய இனம் ஒன்றை ஆய்வுக் கூடத்தில் உண்டாக்கி நாடு முழுவதும் பரப்ப வேண்டும்" என்று முடிப்பர். யான் அதற்கு இசையேன். அந்தந்த நிலத்து உப்பிலே பிறந்து வளர்ந்த உயிர்கள் அந்தந்த நிலத்தில் முன்னரே உள்ளன. உப்பு மிகும்போது தம் உடலுள் இனிய கரைபொருள்களைச் சேர்த்துக்கொண்டு நீர் இழவாது நிற்கும் கலையை அவை அறியும். பிச்சாவரத்தில் தேடியவர் பிச்சாவரத்தில் கண்டனர். வேதாரணியத்து உவரிலும், திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த களரிலும், இராமநாதபுரத்துக் கரையிலும் தேடியது எவ்வளவு? உவரி என்றும் உமரி என்றும் பெயரிட்டு நாம் மிதித்துச் செல்லும் பூண்டுகளின் வேர்களை ஆய்ந்தவர் எத்தனை பேர்? கடற்கரை மாவட்டங்களில் விஞ்ஞானக் கல்லூரிகள் பல உள்ளன. ஆண்டுதோறும் மாணவர் செய்யும் ஆய்வேடுகளுட் சிலவேனும் தத்தம் ஊர் மண்ணைப் பற்றியதாயின் குறைவு வந்துவிடுமோ?

நண்பர், "சொல்லுதல் எளிது, தமிழ் மாணவர் இதில் செய்யக்கூடியது யாது?" என்று எள்ளினார். அவ்வினா என்னைச் சுட்டது. ஏனெனில் அப்புட்டியின் நினைவு எனக்கு உண்டு. ஆதலின் சென்ற கோடை விடுமுறையில் அவரையே அருகிருத்தி, ஒரு பக்க அளவில் தமிழ்ச் சீட்டு ஒன்று எழுதினேன். விதையோடு கலக்கும்பொழுது ஆறிய சோற்றுக் கஞ்சியிற் குழைத்துப் பூசி நிழலில் உலர்த்துக, நாற்றாயின் வேரை அரைமணி நேரம் கரைசலில் நனைத்து நடுக, பூஞ்சண மருந்து இடின் ஒரு நாள் இடைவெளி விடுக, வாங்குமுன் நாளைப் பார்க்க, வடிகாலை மூடாதீர், களராயின் முதலில் ஜிப்சம் இட்டு, திருச்சி 1, திருச்சி 3 போன்ற களர் தாங்கும் நெல் வகையைத் தேர்க — இவ்வளவே அதிலுள்ளன. 'இனாகுலண்டு' என்பதற்கு என்ன சொல் இடுவதென்று இருவரும் ஒரு மாலைப்பொழுது முழுவதும் வாதிட்டோம். யான் 'நுண்ணுயிர் வித்து' என்றேன். அவர் 'ஊட்டுயிர்' என்றார். இறுதியில் சிற்றப்பா, "எங்களூரில் உறைமோர் என்றால் எல்லார்க்கும் விளங்குமே, மண்ணுக்கு இடும் உறை என்று எழுதேன்" என்றார். 'மண்ணுறை' என்றே எழுதினோம்.

இவ்வாண்டு சம்பாவில் வடிகால் வாய்க்காலைத் தூர் வாரி, இரண்டு மழைநீரைத் தேக்கி வடித்த பின்னரே சிற்றப்பா நடவு செய்தார். வேளாண்மை அலுவலகத்தில் நாள் பார்த்து வாங்கிய மண்ணுறையைக் கீழ்ப் பாத்திகள் இரண்டில் ஒன்றிற்கு மட்டும் இட்டோம். மற்றது வெறுமையாகவே நடப்பெற்றது. எல்லாவற்றிற்கும் இட்டுவிடலாமே என்று அவர் ஆசைப்பட்டார், யானே தடுத்தேன். எது எப்பாத்தி என்பது மறவாதிருக்க வரப்பில் ஒரு மூங்கிற் கோல் நட்டு வந்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்றதும், இரண்டினின்றும் பத்துப் பத்துத் தூர்களைப் பிடுங்கி வேரை அளந்து பார்ப்பதாக நண்பரும் உடன் வர இசைந்துள்ளார்.